பள்ளிக்காக ஓட சங்க அட்டை வேண்டுமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 200 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பள்ளியில் அவள்தான் முதல். அடுத்து குறுவட்டப் போட்டிக்குப் போக இருக்கிறாள். அவளோடு படிக்கும் பிள்ளையின் அப்பா ஒருவர், "மாவட்டத் தடகளச் சங்கத்தில் பணம் கட்டி அடையாள எண் வாங்கினால்தான் பள்ளிப் போட்டியிலேயே ஓட விடுவார்கள். எண் இல்லாமல் ஜெயித்தால் அந்தச் சான்றிதழ் எங்கேயும் செல்லாது" என்கிறார். பி.டி. சாரைக் கேட்டால், "எதற்கும் பதிந்து வையுங்கள், பின்னால் உதவும்" என்கிறார். பள்ளிக்காக விளையாட சங்கத்தில் சேரத்தான் வேண்டுமா? சேராவிட்டால் பிற்காலத்தில் சிக்கல் வருமா?

– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்: சேர வேண்டியதில்லை அம்மா. உங்கள் மகள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள மாணவி. குறுவட்டத்தில் ஓட அந்தத் தகுதியும் சரியான வயதும் போதும். அதில் வென்று வருவாய் மாவட்டப் போட்டிக்கும், அங்கிருந்து மாநிலப் போட்டிக்கும் போனாலும் இதே கதைதான். எந்தக் கட்டத்திலும் சங்கத்தின் அடையாள அட்டையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உங்களிடம் அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. உண்மையான இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். பி.டி. சார் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எப்போது சேரலாம், எப்போது சேராமல் இருக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் பள்ளிப் போட்டி நடக்கும் முறையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை. அருகருகே உள்ள பல பள்ளிகளை ஒரு தொகுதியாகச் சேர்த்ததுதான் குறுவட்டம். அதற்கு மேலே வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். தடகளப் போட்டிகளைக் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்றும், குழு விளையாட்டுகளைப் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்றும் துறை அழைக்கிறது. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். எட்டாம் வகுப்பு என்கிறீர்கள், ஆகவே உங்கள் மகள் பெரும்பாலும் முதல் பிரிவில் வருவாள்.

இதற்கான நுழைவுப் படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்று கவனியுங்கள். உடற்கல்வி ஆசிரியர் நிரப்புகிறார், தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு முத்திரை வைக்கிறார். பெயர், பிறந்த தேதி, வகுப்பு, சேர்க்கை எண், எமிஸ் எண் எல்லாம் அதில் இருக்கும். எமிஸ் எண் என்பது தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கல்வித் துறை கொடுத்திருக்கும் தனி எண். இந்தப் பிள்ளை எங்கள் பள்ளியில் முழுநேரமாகப் படிக்கிறது, இதுதான் வயது என்று பள்ளி உறுதி சொல்கிறது. போட்டி நடத்துபவர் அந்த உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார். வேறு யாருடைய சிபாரிசுக்கும் அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

மாநிலத்துக்கு அப்பாலும் இதே ஏற்பாடுதான். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது 1954-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு. எஸ்.ஜி.எஃப்.ஐ. என்று செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதில் உறுப்பினராக இருப்பவை மாநிலக் கல்வித் துறைகளும், கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. போன்ற அமைப்புகளும். இவற்றை 'அலகு' என்பார்கள், அதாவது தனி அணி அனுப்பும் உரிமை பெற்ற அமைப்பு. தமிழ்நாடு ஓர் அலகு, கேந்திரிய வித்யாலயா இன்னோர் அலகு. தேசியப் போட்டியில் ஓடும் பிள்ளைகூட அந்தக் கூட்டமைப்பின் உறுப்பினர் அல்ல. அந்தப் பிள்ளையின் மாநிலம்தான் உறுப்பினர். இன்னும் ஒரு படி மேலே, 1972-இல் உருவான சர்வதேசப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது. அங்கேயும் உறுப்பினராவது நாடுகளின் பள்ளி விளையாட்டு அமைப்புகள்தான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு மிகப் பெரிய விஷயம். அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பள்ளி விளையாட்டுச் சங்கம் உண்டு, அதில் சேருவது பள்ளி. பிள்ளை பள்ளியின் நிழலில் நின்று விளையாடுகிறது. காரணம் எளிது. 13 வயதுப் பிள்ளை ஓர் அமைப்பில் சேர்ந்து அதன் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகத் தானே ஒப்பந்தம் செய்ய முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்யும் தகுதி வயது வந்தவர்களுக்கே உண்டு. அதனால் பிள்ளைக்காகப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். பள்ளிப் போட்டியில் அந்தப் பொறுப்பைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது. பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்குவதும் இதற்காகத்தான்.

அப்படியானால் சங்கம் என்பது என்ன? பேச்சில் நாம் 'அசோசியேஷன்' என்கிறோம். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியக் கூட்டமைப்பு, உலகக் கூட்டமைப்பு என்று ஒன்றோடொன்று இணைந்த அமைப்புகள் இவை. தடகளத்துக்கு ஒரு வரிசை, கபடிக்கு ஒரு வரிசை, சதுரங்கத்துக்கு ஒரு வரிசை என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக உண்டு. ஆளும் அமைப்பு என்றதும் பலர் இவற்றை அரசு அலுவலகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவை சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட தனியார் அமைப்புகள். அரசு அவற்றுக்கு அங்கீகாரம் தரும், நிதி தரும், நிபந்தனை விதிக்கும். அதற்காக அவை அரசின் அங்கமாகிவிடாது. கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டப்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பொதுப் பணி செய்வதால் அது நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று 2015-இல் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தச் சங்கங்களின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தவே 2025-இல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் கொண்டுவந்தது.

பள்ளியில் விளையாடுவதோ கல்வியின் ஒரு பகுதி. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் போடுகிறது. அதில் வகுப்பறையும் கழிப்பறையும் இருப்பதுபோல விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. மைதானத்தைப் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்திருக்கும்போது, அதில் இறங்க வெளி அமைப்பொன்றின் அனுமதி எதற்கு?

சரி, இவ்வளவு தெளிவாக இருக்கும் விஷயத்தில் குழப்பம் எப்படி வந்தது? 'விதிகளை எழுதியது சங்கம், ஆகவே விளையாடும் அனுமதியும் சங்கத்திடம்' என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது சரியல்ல. 200 மீட்டர் ஓட்டத்தில் அவரவர் தடத்திலேயே ஓட வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. பள்ளிப் போட்டியும் அதைப் பின்பற்றுகிறது. விதிப் புத்தகத்தைப் பின்பற்றுவதற்கு உறுப்பினராக வேண்டும் என்றால், தெருவில் பந்தை உதைத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள் எல்லாம் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர வேண்டியிருக்கும்.

உண்மையான காரணம் ஆட்கள். உங்கள் ஊரில் கபடிப் போட்டிக்கு விசில் ஊதுபவரைக் கூர்ந்து பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஏதோ ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக இருப்பார். சனி, ஞாயிறில் மாவட்டச் சங்கத்தின் செயலாளர், பொருளாளர், அல்லது சங்கத்தில் தேர்வு எழுதிச் சான்று பெற்ற நடுவர். பள்ளிப் போட்டிக்கு நடுவர் வேண்டும் என்றால் துறையும் அவரைத்தான் அழைக்கும், அந்த விளையாட்டை அறிந்தவர் அவர்தானே. ஒரே மனிதர், ஒரே விசில், பல நேரம் ஒரே மைதானம். பார்க்கும் பெற்றோருக்கு எது துறையின் போட்டி, எது சங்கத்தின் போட்டி என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் 'மாவட்ட அளவிலான போட்டி' என்றுதான் பேனர் கட்டுகிறார்கள். இரண்டிலும் சான்றிதழ் கொடுக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்த நெருக்கம் நேற்று வந்ததும் இல்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். சென்னை நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் போனார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர்களில் பக்கும் ஒருவர். இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது 1927-இல்தான். அதாவது, பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த கைகளே சங்கம் அமைக்கவும் உழைத்தன. பள்ளி ஆசிரியர்கள் இல்லாவிட்டால் இன்றும் பாதி மாவட்டச் சங்கங்கள் நடக்காது என்பது என் கருத்து. அந்த ஆசிரியர்களில் பலர் சம்பளமின்றி, சொந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஓர் ஆசிரியர் சங்கப் பொறுப்பிலும் இருக்கும்போது, தான் எந்தப் பொறுப்பிலிருந்து பேசுகிறேன் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் குழம்புகிறார்கள்.

இனி, சங்கத்தில் பதிவது எப்போது உண்மையில் தேவைப்படும் என்று பார்ப்போம். சங்கம் தானே நடத்தும் போட்டிகளில் கலந்துகொள்ளத் தேவைப்படும். தடகளத்தில் மாவட்ட ஜூனியர் போட்டி, மாநில ஜூனியர் போட்டி, தேசிய ஜூனியர் போட்டி என்று வரிசையாக உண்டு. 14, 16 வயதுக்கு உட்பட்டோருக்கு மாவட்டங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி ஒன்றும் உண்டு. அதற்கு மாவட்டத் தடகளச் சங்கம்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். இந்திய தடகளக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு ஒரு தனி அடையாள எண் தருகிறது, 'யூ.ஐ.டி.' என்பார்கள். ஒரே பிள்ளை இரண்டு மாவட்டங்களுக்கு ஓடுவதையும், ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பிறந்த தேதி காட்டுவதையும் தடுக்க அது உதவுகிறது. உங்களிடம் பேசியவர் குறிப்பிட்ட எண் இதுவாகத்தான் இருக்கும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது சங்கத்தின் போட்டிகளுக்கான எண்.

வயதுப் பிரிவிலேயே இந்த இரண்டு வழிகளும் வேறுபடுகின்றன. பள்ளியில் 14, 17, 19. தடகளச் சங்கத்தில் 14, 16, 18, 20. பதினாறரை வயதுப் பெண் பள்ளிப் போட்டியில் 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மூத்தவளாக நிற்பாள். சங்கப் போட்டியில் 18 வயதுக்கு உட்பட்டோரில், தன்னைவிடப் பெரிய பெண்களோடு ஓடுவாள். ஒன்றில் தங்கம் வாங்கியவள் மற்றொன்றில் இறுதிச் சுற்றுக்கே வராமல் போகலாம். பெற்றோர் சிலர் 'சங்கத்தில் பாரபட்சம்' என்று வருந்துகிறார்கள். பல நேரங்களில் காரணம் இந்தப் பிரிவு வேறுபாடுதான்.

சதுரங்கம் இன்னொரு விதம். பள்ளிச் சதுரங்கப் போட்டியில் ஆட எந்தச் சங்க எண்ணும் வேண்டாம். ஆனால் பிள்ளைக்குச் சர்வதேசத் தரப்புள்ளி, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் மதிப்பெண், வேண்டும் என்றால் ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் எண் இருக்க வேண்டும். அதைத் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் பெற முடியும். கிரிக்கெட்டில் மாநிலச் சங்கத்தின் 16 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் போகும் பையனுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறை அது. உங்கள் ஊர்ப் பள்ளிகள் இரண்டு மோதும் கிரிக்கெட் ஆட்டத்தில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டு வழிகளும் சந்திக்கும் இடங்களும் உண்டு. 2018-இல் மத்திய அரசு 'கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகள்' என்று தொடங்கியது, அடுத்த ஆண்டே 'கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள்' என்று பெயர் மாறியது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். பெயரில் 'பள்ளி' போனதற்கு ஏற்ப, பள்ளிக்கு வெளியே இருக்கும் இளைஞர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. இப்படிப்பட்ட போட்டிகளுக்கான தேர்வில் சங்கங்களின் பங்கு பெரிது. ஆகவே உங்கள் மகள் அந்த அளவுக்கு வளர்ந்தால் சங்கத்தின் பக்கம் போகாமல் இருக்க முடியாது. பி.டி. சார் 'பின்னால் உதவும்' என்று சொன்னதன் பொருள் இதுதான்.

முதலமைச்சர் கோப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் அந்தப் போட்டிக்கு இணையத்தில் பெயர் பதிவு செய்யச் சொல்வார்கள். அதையும் 'சங்கத்தில் சேர்வது' என்று நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது அந்தப் போட்டிக்கான பெயர்ப் பதிவு. பள்ளி மாணவர்களுக்கென்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆணையம் அரசு அமைப்பு, தயங்காமல் பதியலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சங்க எண் இல்லாமல் வாங்கிய பள்ளிச் சான்றிதழ் செல்லாதா? இந்த இடத்தில் அந்தத் தந்தை சொன்னது முழுத் தவறு, அதற்கு அரசின் ஆவணமே சாட்சி. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனத்துக்குச் சான்றளிக்கும் படிவங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, அதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்திடுவார். படிவம் 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு, கையெழுத்து மாநிலச் சங்கச் செயலாளருடையது. படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு, அதில் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்திடுவார். படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவர்களுக்கு. அதில் கையெழுத்திடுபவர் மாநிலக் கல்வித் துறையில் பள்ளி விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரி. சங்கத்தின் கையெழுத்து அந்தப் படிவத்தில் வேண்டியதே இல்லை. பள்ளி வழி தனியானது, சங்க வழிக்கு இணையாக நிற்பது என்று அரசே ஒப்புக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படிவம் 4 தேசியப் போட்டியில் மாநில அணிக்காக ஆடியவர்களுக்கானது. குறுவட்டத்தில் வாங்கும் சான்றிதழ் மகிழ்ச்சி தரும், வீட்டுச் சுவரில் மாட்டலாம், அதைக் காட்டி அரசு வேலை கேட்க முடியாது. சங்கத்தின் மாவட்டப் போட்டிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையிலும் தனி ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டி, எந்த நிலை, எந்த ஆண்டுகளில் வென்றது கணக்கில் வரும் என்பதை அந்தந்த ஆண்டின் விண்ணப்ப விளக்கக் கையேடு சொல்லும். மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் அந்தக் கையேட்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் போட்டிகளைத் தவறவிடக் கூடாது என்பது அதிலிருந்து விளங்கும்.

சங்கத்தில் பதியும்போது கையெழுத்திடும் தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். அதற்குக் காரணம் சதுரங்கத்தில் நடந்த ஒரு விவகாரம். தன் அனுமதி பெறாத போட்டிகளில் ஆடமாட்டேன் என்று வீரர்களிடம் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு உறுதிமொழி வாங்கிவந்தது. மீறியவர்கள் மேல் தடையும் தரப்புள்ளி நீக்கமும் பாய்ந்தன. பாதிக்கப்பட்ட வீரர்கள் சிலர் வழக்குக்குப் போனார்கள். விவகாரம் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. சந்தையில் ஓங்கி நிற்பவர்கள் தங்கள் வலிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் அரசு அமைப்பு அது. 2018 ஜூலையில் ஆணையம் கூட்டமைப்பு செய்தது தவறு என்று முடிவு சொல்லி அபராதமும் விதித்தது. வீரர்கள் எங்கே ஆடலாம் என்பதை இப்படிக் கட்டிப்போடக் கூடாது என்பதே அதன் சாரம். இந்த நாட்டில் ஆளும் அமைப்புகளுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டிய தீர்ப்பு அது, பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது.

ஆகவே பதிவுத் தாளில் 'சங்கத்தின் அனுமதியின்றி வேறு போட்டிகளில் பங்கேற்க மாட்டேன்' என்ற வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்: பள்ளிப் போட்டிக்கும் இது பொருந்துமா? 'பொருந்தாது' என்று சொன்னால் அதையே எழுத்தில் வாங்குங்கள். 'பொருந்தும்' என்று சொல்பவரிடம் உங்கள் மகளை ஒப்படைக்காதீர்கள்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே விளையாட்டுக்கு இரண்டு மூன்று சங்கங்கள் இயங்குவது நம் நாட்டில் சாதாரணம். 'தேசிய', 'சர்வதேச' என்று பெயர் வைத்துக்கொண்டு, கட்டணம் வாங்கி, வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ அழைத்துப் போய், கலந்துகொண்ட எல்லோருக்கும் பதக்கம் கொடுத்து அனுப்பும் அமைப்புகளும் இருக்கின்றன. கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை நினைத்தால் மனம் கொதிக்கிறது. அந்தச் சான்றிதழை எந்த ஒதுக்கீட்டிலும் ஏற்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரும் முன்னால் சொல்வதில்லை. மத்திய விளையாட்டு அமைச்சகம் தான் அங்கீகரித்த தேசியக் கூட்டமைப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது. உங்களிடம் பணம் கேட்கும் மாவட்டச் சங்கம் எந்த மாநிலச் சங்கத்தோடு இணைந்தது, அது அந்தப் பட்டியலில் உள்ள எந்தக் கூட்டமைப்போடு இணைந்தது என்று கேளுங்கள். நேர்மையான சங்கம் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும், பணத்துக்கு ரசீதும் தரும். மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் விசாரிக்கலாம்.

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குப் பள்ளிப் போட்டியின் கதவு மூடியிருக்கும், சங்கத்தின் போட்டிகள் திறந்திருக்கும். அவர்களுக்குச் சங்கப் பதிவுதான் வழி. உங்கள் மகளுக்கு இப்போதைக்கு அந்த அவசியம் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு ஒரு ரூபாயும் செலவழிக்க மாட்டேன். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பிறந்த தேதியும் பெயரின் எழுத்துகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பேன். ஏனெனில் பள்ளிப் போட்டியில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் காரணங்களில் இவற்றுக்கு இடையிலான முரண்பாடும் ஒன்று. வித்தியாசம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் போட்டிக்கு முன்பே திருத்துங்கள். நல்ல ஓட்டக் காலணி வாங்க முடிந்தால் வாங்கிக்கொடுங்கள். வருவாய் மாவட்டப் போட்டியில் அவள் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், அவளுக்கும் இதில் தொடர ஆசை இருந்தால், அப்போது அங்கீகாரம் பெற்ற மாவட்டத் தடகளச் சங்கத்தில் பதியுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று போட்டிகள் கூடுதலாகக் கிடைக்கும், தன்னைவிட வேகமானவர்களோடு ஓடும் அனுபவம் கிடைக்கும்.

இடையில் யாராவது பள்ளிப் போட்டிக்கே சங்க எண் கேட்டால் வாய்ச்சண்டை போடாமல், அந்த விதி எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ எழுத்தில் மனுக் கொடுங்கள். பள்ளிப் போட்டிகளுக்குப் பொறுப்பு அவர்களுடைய அலுவலகம். உங்கள் மகள் குறுவட்டத்தில் நன்றாக ஓட என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.